பண்பலை நிலையத்தில் ஊர் எங்கே?



கல்லூரியில் முதலாண்டு மாணவர்களிடம் ஆண்டுதோறும் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எஃப்.எம். என்றால் என்ன?" என்பதுதான் அது. கேட்டு வாய் மூடுவதற்குள் பின் வரிசையிலிருந்து யாராவது ஒருவர் விடை சொல்லிவிடுவார்: "சினிமாப் பாட்டு, சார்!" வகுப்பே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவேன்.

அந்த விடையைச் சற்று உற்றுப் பாருங்கள். எஃப்.எம். என்பது ஓர் அலையின் மீது ஒலியை ஏற்றி அனுப்பும் ஒரு முறை. நம் பாடநூல்கள் அதை அதிர்வெண் பண்பேற்றம் என்கின்றன. சுருக்கமாகப் பண்பலை என்கிறோம். அந்த அலையில் பாட்டையும் ஏற்றலாம், பாடத்தையும் ஏற்றலாம், புயல் எச்சரிக்கையையும் ஏற்றலாம். அப்படியிருக்க, ஏற்றும் முறைக்கு இட்ட பெயர் ஏற்றப்படும் சரக்குக்குப் பெயராகிவிட்டது எப்படி? "பென்சில் என்றால் என்ன?" என்று கேட்டால் "மயில் படம்" என்று சொல்வதைப் போன்றதல்லவா இது?

மக்களின் ரசனைதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு நிலையம் என்ன ஒலிபரப்புகிறது என்பதைக் கேட்பவரின் ரசனையைவிட, அலையின் இயல்பும், அரசு போடும் விதியும், நிலையத்தார் கட்டும் கட்டணமுமே அதிகமாகத் தீர்மானித்து வந்திருக்கின்றன என்பது என் கருத்து. இது சரியா என்று நீங்களே முடிவு செய்வதற்கு, முதலில் கொஞ்சம் இயற்பியலும் பிறகு கொஞ்சம் வரலாறும் தேவைப்படும்.

இருட்டில் தொலைவில் நிற்கும் நண்பனுக்கு விளக்கால் சைகை காட்டுவதாக வைத்துக்கொள்வோம். விளக்கைப் பிரகாசமாகவும் மங்கலாகவும் மாற்றிக் காட்டலாம். இது ஒரு வழி. பிரகாசத்தை மாற்றாமல், நிறத்தை மட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை என மாற்றிக் காட்டலாம். இது இன்னொரு வழி. நடுவில் புகைமூட்டம் வந்தால் முதல் வழி கெட்டுப்போகும். விளக்கு மங்கியது சைகையாலா, புகையாலா என்று நண்பனுக்குத் தெரியாது. இரண்டாவது வழியில் சிவப்பு, மங்கினாலும் சிவப்பாகவே தெரியும். முதல் வழிதான் வீச்சுப் பண்பேற்றம். மைய அலையிலும் சிற்றலையிலும் இதுவே வழக்கம். இரண்டாவது பண்பலை. மின்னலும், மோட்டாரும், வண்டியின் பற்றவைப்புப் பொறியும் உண்டாக்கும் கரகரப்பு பெரும்பாலும் அலையின் வீச்சைத்தான் கெடுக்கிறது. பண்பலை ஏற்பி வீச்சின் ஏற்ற இறக்கங்களை வெட்டி எறிந்துவிட்டு, அதிர்வெண்ணின் மாற்றத்தை மட்டும் படிக்கிறது. ஆகவே ஒலி தெளிவாக இருக்கிறது.

இந்தத் தெளிவுக்கு ஒரு விலை உண்டு. மைய அலையில் நம் நாட்டில் நிலையத்துக்கு நிலையம் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விட்டால் போதும். பண்பலையில் ஒரு நிலையம் மைய அதிர்வெண்ணுக்கு இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை அலைகிறது; ஓரங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 200 கிலோஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மைய அலைப் பகுதி முழுவதுமே ஏறக்குறைய 1,070 கிலோஹெர்ட்ஸ்தான். அங்கே பண்பலையைக் குடிவைத்தால் ஐந்து நிலையங்களோடு இடம் தீர்ந்துவிடும்! ஆகவே இடம் தாராளமாக உள்ள 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்குப் பண்பலை போகவேண்டியதாயிற்று. அங்கே அலைநீளம் சுமார் 3 மீட்டர். இவ்வளவு குறுகிய அலைகளை அயனி மண்டலம் சாதாரணமாகத் திருப்பி அனுப்புவதில்லை; அவை நேரே விண்வெளிக்குப் போய்விடுகின்றன. பூமியின் வளைவைத் தழுவியும் அதிகத் தொலைவு போவதில்லை. கோபுரத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் எதுவரை தெரியுமோ, கிட்டத்தட்ட அதுவரைதான் பண்பலையின் ஆட்சி.

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால், அலை எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 100 மீட்டர் கோபுரத்துக்கு 41 கிலோமீட்டர். ஒரு மாவட்டத்தின் அளவு! நாடு முழுவதற்கும் பேசுவதற்குச் சிற்றலை இருக்கிறது. மாநிலத்துக்குப் பேச மைய அலை இருக்கிறது. பண்பலையோ பிறவியிலேயே உள்ளூர்க்காரன். இதை யாரும் சட்டம் போட்டுச் செய்யவில்லை, பூமியின் உருண்டை வடிவமே செய்துவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்கு வேண்டும்.

பண்பலையைப் பயனுள்ளதாக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். 1933-இல் காப்புரிமை பெற்றார். 1935 நவம்பரில் நியூயார்க்கில் வானொலிப் பொறியாளர்கள் கூடிய மன்றத்தில் அதைச் செய்து காட்டினார். அருகிலுள்ள யாங்கர்ஸ் ஊரில் நண்பர் ஒருவரின் வீட்டிலிருந்து ஒலிபரப்பு வந்தது. ஒரு குவளையில் நீர் ஊற்றும் ஓசை. காகிதத்தைக் கசக்கும் ஓசை. அவ்வளவுதான். அன்றைய வானொலியில் நீர் ஊற்றும் ஓசை நீர் ஊற்றுவதுபோல் கேட்டதே கிடையாது. மன்றம் வியந்துபோயிற்று என்கிறார்கள்.

வியந்ததோடு சரி. 1940-இல் பண்பலைக்கு 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் கிடைத்தது. 1945-இல் அரசு ஆணையம் அதை 88-க்கு மேலே தூக்கி வைத்தது. அதற்குள் விற்றிருந்த லட்சக்கணக்கான பெட்டிகள் ஒரே உத்தரவில் வெறும் மரப்பெட்டிகளாயின. காப்புரிமை வழக்குகளில் அலைக்கழிந்த ஆர்ம்ஸ்ட்ராங் 1954-இல் மறைந்தார். அவர் தொடங்கிய வழக்குகளை அவருடைய மனைவி தொடர்ந்து நடத்தி, 1967 வாக்கில் எல்லாவற்றிலும் வென்றார்.

அதன்பின் நடந்ததுதான் நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. அமெரிக்காவில் மைய அலை நிலையம் வைத்திருந்தவர்களே பண்பலை உரிமமும் வைத்திருந்தனர். ஒரே நிகழ்ச்சியை இரண்டிலும் ஒலிபரப்பினர். பண்பலைக்கென்று தனியாக ஒரு காசும் செலவிடவில்லை. எனவே பண்பலைப் பெட்டி வாங்கவும் ஆளில்லை. 1964-இல் ஆணையம் ஒரு விதி செய்தது: ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில், இரண்டு நிலையம் வைத்திருப்பவர் பண்பலை நேரத்தில் பாதிக்கு மேல் மைய அலை நிகழ்ச்சியை நகலெடுக்கக் கூடாது. முதலாளிகள் முணுமுணுத்தனர். ஆனால் நேரத்தை நிரப்பியாக வேண்டுமே! செலவில்லாமல் நிரப்பப் புதிய இளைஞர்களைப் பிடித்துவந்து, "உனக்குப் பிடித்ததைப் போடு" என்றனர். 1967-இல் சான் பிரான்சிஸ்கோவின் கே.எம்.பி.எக்ஸ். நிலையத்தில் அப்படித்தான் புதுவகை ஒலிபரப்பு பிறந்தது. மூன்று நிமிடப் பாட்டுக்குப் பதில் நீண்ட இசைத்தட்டு முழுவதையும் ஓடவிட்டனர். 1961-இலேயே இருவழி ஒலிக்கு அனுமதி கிடைத்திருந்ததால் இசை அருமையாகவும் கேட்டது. 1970-களின் முடிவில் பண்பலை கேட்போர் மைய அலை கேட்போரை எண்ணிக்கையில் மிஞ்சினர். மக்களின் ரசனை மாறியது உண்மையே. ஆனால் விதி முதலில் மாறியது. ரசனை பின்னால் வந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில் தொடங்கியது. பெருமைப்படவேண்டிய செய்திதான். ஆனால் கேட்டவர்கள் எத்தனை பேர்? அக்காலத்தில் வானொலிப் பெட்டி வைத்திருக்கவே உரிமம் வாங்கவேண்டும். வீட்டில் இருந்த பெட்டிகளோ மைய அலையும் சிற்றலையும் மட்டுமே பிடிப்பவை. அனுப்புகிறவர் இருந்தார், வாங்குகிறவர் இல்லை. பண்பலை பரவுவதற்கு 1990-கள் வரவேண்டியிருந்தது.

இடையில், 1984-இல் நாகர்கோவிலில் ஒரு நல்ல காரியம் நடந்தது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் சோதனை முயற்சியாக அங்கே நிறுவப்பட்டது. அந்தந்த வட்டாரத்தின் குரலை அந்தந்த வட்டாரத்துக்கே ஒலிபரப்புவதுதான் உள்ளூர் நிலையங்களின் நோக்கம். பிற்பாடு நாடெங்கும் இத்தகைய நிலையங்கள் பண்பலையில் எழுந்தன. நாகர்கோவிலும் 101 மெகாஹெர்ட்ஸ் பண்பலைக்கு வந்தது. தில்லியிலோ சென்னையிலோ யாரும் முதலில் செய்யத் துணியாத சோதனையைக் குமரி மாவட்டம் செய்தது என்பதை அந்தப் பக்கத்து மாணவர்கள் தெரிந்துகொள்ளவேண்டும்.

என்னைப்போல் தென் மாவட்டங்களில் வளர்ந்து இன்று நாற்பதைக் கடந்தவர்களைக் கேட்டால், அவர்கள் முதலில் சொல்வது கொடைக்கானல் பண்பலையைத்தான். 100.5 மெகாஹெர்ட்ஸ். நான் பள்ளிக்குப் போன பேருந்தில், ஓட்டுநர் இருக்கைக்கு மேலே பெட்டி, அதில் கொடைக்கானல். டீக்கடையிலும், தையற்கடையிலும், வயலில் களையெடுக்கும் பெண்களின் தூக்குவாளிக்குப் பக்கத்திலும் கொடைக்கானல். "பண்பலை உள்ளூர்க்காரன் என்றீர்களே, கொடைக்கானல் நிலையம் திருநெல்வேலியில் எப்படிக் கேட்டது?" என்று நீங்கள் கேட்கவேண்டும். கேளுங்கள்! முன்னே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. வர்க்கமூலம் 45.8. அதை 4.1 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 188 கிலோமீட்டர். வரைபடத்தில் கொடைக்கானலிலிருந்து நேர்கோட்டில் திருச்சி சுமார் 145 கிலோமீட்டர், திருநெல்வேலி சுமார் 170. இரண்டும் வட்டத்துக்குள் அடங்குகின்றன. மலைக்குப் பின்னால் ஒளிந்த ஊர்களுக்கு மட்டும் கேட்காது. கட்டாமல் கிடைத்த கோபுரம் அது. பழனி மலை இலவசமாகக் கொடுத்தது.

எனக்கு அந்தப் பாட்டுகள் மிகவும் பிடிக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பாட்டைக் குறை சொல்ல நான் இந்தக் கட்டுரையை எழுதவில்லை.

அடுத்து வந்தது தனியார் காலம். 1993-இல் தில்லி, பம்பாய் போன்ற நகரங்களில் அகில இந்திய வானொலி தன் பண்பலை நேரத்தைத் துண்டு துண்டாகத் தனியாருக்கு விற்றது. 1998-இல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. நடுவில் 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. கிரிக்கெட் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் யார் காட்டுவது என்ற சண்டையில் பிறந்த வழக்கு அது. காற்றலைகள் பொதுச் சொத்து. அவை மக்கள் நலனுக்காகப் பொது அதிகாரம் ஒன்றினால் ஒழுங்குபடுத்தப்படவேண்டும் என்று நீதிமன்றம் கூறிற்று. ஏரி, ஆற்று மணல், புறம்போக்கு நிலம் ஆகியவை போல அலைவரிசையும் நம் எல்லோருக்கும் உரியது. இந்தத் தீர்ப்பைப் பள்ளிப் பாடத்தில் வைக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பொதுச் சொத்து ஏலத்துக்கு வந்தது. முதல் கட்டமாக 40 நகரங்களில் 108 அலைவரிசைகள். 2001 ஜூலையில் பெங்களூரில் முதல் தனியார் பண்பலை ஒலித்தது. 2003-இல் சென்னையிலும் தொடங்கிற்று. ஏலத்தில் கேட்ட தொகையே ஆண்டுக் கட்டணம். அது ஆண்டுதோறும் 15 விழுக்காடு கூடும். கூட்டுவட்டிக் கணக்குப் படித்தவர்கள் போட்டுப் பாருங்கள்: ஐந்தே ஆண்டுகளில் கட்டணம் இரு மடங்கு! ஏலம் எடுத்தவர்களில் பலர் நிலையம் தொடங்காமலேயே ஒதுங்கிக்கொண்டார்கள். தொடங்கியவர்கள் என்ன செய்வார்கள்? அதிகம் பேர் கேட்பது எதுவோ, தயாரிக்கச் செலவு குறைந்தது எதுவோ, அதையே இருபத்து நான்கு மணி நேரமும் ஒலிபரப்புவார்கள். அது சினிமாப் பாட்டு. தனியார் நிலையங்கள் தாமாகச் செய்தி சேகரித்து ஒலிபரப்பக் கூடாது என்ற விதி வேறு. ஒரு பக்கம் கட்டணச் சுமை, மறு பக்கம் செய்திக்குத் தடை. எஞ்சியிருந்த ஒரே வாசல் வழியாக எல்லா நிலையங்களும் நுழைந்தன. என் மாணவன் சொன்ன விடை பிறந்தது இப்படித்தான்.

2005-இல் கட்டண முறை மாறியது. ஒருமுறை நுழைவுத் தொகை, பிறகு ஆண்டு வருவாயில் 4 விழுக்காடு என்று இலகுவாயிற்று. நிலையங்கள் பெருகின. நிகழ்ச்சியில் பன்மை வந்ததா? நண்பகலில் பழைய பாட்டு, மாலையில் புதிய பாட்டு, இரவில் மெல்லிய பாட்டு என்ற அளவுக்கு வந்தது. ஒரே நகரத்தில் இரு நிலையங்களுக்கிடையே 800 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விடுவது இங்கே வழக்கம். சென்னை வானொலிப் பெட்டியில் 91.1, 91.9, 92.7, 93.5, 94.3 என்று எண்கள் வருவதைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே சரியாக 0.8. இந்தக் கணக்கில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு நகரத்துக்கு ஏறத்தாழ 25 இடங்கள்தாம். பொதுச் சொத்து என்று சொல்லிவிட்டு, இருபத்தைந்தே மனைகள் உள்ள அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே கடையைத் திறந்து வைத்திருக்கிறோம்.

இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பவர்களுக்கு ஓர் இரவைப் பற்றிச் சொல்கிறேன். 2018 நவம்பர் 15 இரவு, விடிந்தால் 16. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய இரவு. அப்போது நான் டெல்டாவில் ஒரு சிறு நகரத்தில் குடியிருந்தேன். மின்சாரம் முன்னமே போயிருந்தது. சிறிது நேரத்தில் கைப்பேசியும் ஊமையாயிற்று. ஆய்வகத்துக்காக வாங்கி வைத்திருந்த சிறு பெட்டியில் இரண்டு மின்கலம் போட்டுத் திருகினேன். தனியார் நிலையம் ஒன்று தெளிவாகக் கேட்டது, பெயர் வேண்டாம். பாட்டு. முடிந்ததும் இன்னொரு பாட்டு. நடுவில் நகைக்கடை விளம்பரம். கூரை ஓடுகள் பறக்கும் ஓசைக்கிடையே ஒரு மணி நேரம் கேட்டேன். புயல் என்ற சொல்லே வரவில்லை. நிலையத்தில் மனிதர் எவரும் இல்லை, கணினி ஒன்று வரிசைப்படி பாட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குப் புரிய வெகுநேரம் ஆயிற்று. அலை ஊரில் இருந்தது, கம்பம் ஊரில் இருந்தது, ஆள் இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா, "என்ன தம்பி, ரேடியோவில் என்ன சொல்றாங்க? எந்தப் பக்கமாப் போகுதாம்?" என்று கேட்டார்கள். என்ன சொல்வது?

இது நம் நாட்டில் மட்டும் நேர்வதன்று. 2002 ஜனவரி 18 அதிகாலை, அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலத்தின் மைனாட் நகரருகே சரக்கு ரயில் ஒன்று தடம்புரண்டது. தொட்டிகள் உடைந்து நீரற்ற அம்மோனியா மேகம்போல் பரவிற்று. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். மக்கள் வானொலியைத் திருப்பினர். நகரின் வணிக நிலையங்களில் பெரும்பாலானவை ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. 1996-இல் வந்த சட்டம் ஒருவர் எத்தனை நிலையம் வேண்டுமானாலும் நாடெங்கும் வைத்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டதன் விளைவு அது. எச்சரிக்கை உரிய நேரத்தில் வரவில்லை. நிலையத்தைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்றது காவல் துறை. அவசரகாலக் கருவியைக் காவல் துறைதான் சரியாக இயக்கவில்லை என்றது நிறுவனம். யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. தொலைவிலிருந்து வரும் பதிவுகளை நம்பி நடத்தும் நிலையம் பாட்டுக்குப் போதும், ஆபத்துக்குப் போதாது என்பது மட்டும் இரண்டு வாதங்களிலிருந்தும் விளங்குகிறது.

ஒரு நியாயமான மறுப்பை இங்கே சொல்லியாகவேண்டும். "மக்கள் பாட்டைத்தானே விரும்புகிறார்கள்? நிலையத்தார் நட்டத்துக்கா நடத்துவார்கள்?" என்று என் சக ஆசிரியர் ஒருவர் எப்போதும் கேட்பார். ஆறு மணிச் சாயா வேளையில் இந்த விவாதம் எங்களுக்குள் பலமுறை நடந்திருக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு அவர் வாதத்தில் வலு இருந்தது. இன்று? வேண்டிய பாட்டை வேண்டிய நொடியில் கைப்பேசி கொடுத்துவிடுகிறது. பாட்டுக்காக ஒருவர் பண்பலைக்கு வரவேண்டிய தேவை நாளுக்கு நாள் குறைகிறது. கைப்பேசியால் எளிதில் கொடுக்க முடியாத ஒன்று நிலையத்திடம் இருக்கிறது. நம் ஊரில், நம் சந்தையில், நம் ஏரிக்கரையில் இன்று என்ன என்பதை, நமக்குத் தெரிந்த குரலில், செலவில்லாமல், ஒரே நேரத்தில் எல்லோருக்கும் சொல்லும் ஆற்றல் அது. அதைத்தான் நிலையங்கள் கைவிட்டிருக்கின்றன. நட்டக் கணக்கைப் பார்த்தாலுமே இது புத்திசாலித்தனமாக எனக்குத் தோன்றவில்லை.

செய்திக்குத் தடை இருக்கிறதே என்பார்கள். பாதி உண்மை. 2011-இல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கை, அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையை மாற்றாமல் அஞ்சல் செய்ய அனுமதித்தது. அதோடு வானிலை, போக்குவரத்து, பண்பாட்டு விழாக்கள், தேர்வுகள், தேர்வு முடிவுகள், கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, குடிநீர், மின்சாரம், இயற்கைப் பேரிடர், உள்ளூர் நிர்வாகத்தின் சுகாதார எச்சரிக்கை ஆகியவற்றைச் செய்தி என்றே கருதவேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டது. பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். ஓர் ஊருக்கு அன்றாடம் வேண்டியதில் பெரும்பகுதி இதில் அடங்கிவிட்டதல்லவா? 2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இன்னும் ஒரு படி மேலே போய், மணிக்குப் பத்து நிமிடம் செய்தி ஒலிபரப்பத் தனியாருக்கு அனுமதி தரலாம் என்று பரிந்துரைத்தது. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 புதிய நகரங்களில் 730 பண்பலை அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் அளித்தது. சிறு நகரங்கள்! இத்தனை அலைவரிசைகளும் மறுபடியும் பாட்டுப் பெட்டிகளாக வேண்டுமா?

பெரிய முதல் இல்லாமலேயே இதைச் செய்ய முடியும் என்பதற்குச் சமுதாய வானொலிகள் சாட்சி. 2002 இறுதியில் கல்வி நிறுவனங்களுக்கு இந்த அனுமதி கிடைத்தது. 2004 பிப்ரவரி 1-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலையம் 90.4 மெகாஹெர்ட்ஸில் தொடங்கியது. வளாகச் சமுதாய வானொலியில் இந்தியாவுக்கே அது முதல். 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி விரிந்தது. 2008 அக்டோபரில், இன்றைய தெலங்கானாவின் சங்காரெட்டிப் பகுதியில் உழவுத் தொழில் செய்யும் தலித் பெண்கள் நடத்தும் 'சங்கம் ரேடியோ' ஒலிக்கத் தொடங்கியது. விதைகளைப் பற்றியும் தங்கள் திருவிழாக்களைப் பற்றியும் தங்கள் வட்டாரத் தெலுங்கிலேயே பேசினார்கள். 2016 ஆகஸ்ட் 15-இல் பாம்பனில் மீனவர்களுக்காகக் 'கடல் ஓசை' பிறந்தது. காற்று எத்திசை, அலை எவ்வளவு உயரம், கடலுக்குப் போகலாமா என்பதே அங்கே தலைப்புச் செய்தி. இந்த நிலையங்களின் வலிமை 100 வாட் அளவே. பழைய குண்டு பல்பு ஒன்றின் வலிமை! கம்பம் 30 மீட்டர். வலிமை குறைவாதலால் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கேட்கும். ஒரு மீனவக் கிராமத்துக்கு அது தாராளம்.

பாம்பன் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு வேடிக்கை: உங்கள் பெட்டியில் இலங்கை நிலையங்கள் கேட்குமே, கவனித்தீர்களா? மன்னார் வெகு அருகில் என்பது ஒரு காரணம். ஆனால் சில நாட்களில் இன்னும் தொலைவிலுள்ள நிலையங்களும், சோழமண்டலக் கரையோரத்து ஊர்களிலேயே கணீரென்று கேட்கும். கடலின் மேல் குளிர்ந்த காற்றும் அதன்மேல் வெப்பக் காற்றுமாக அடுக்கி நின்றால், அலை இரண்டுக்கும் நடுவே குழாயில் போவதுபோல் வளைந்து செல்கிறது. பண்பலை சில நாட்களில் ஊரைத் தாண்டிச் சுற்றுலா போகும், மறுநாள் திரும்பிவிடும்.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. நிலையம் திருந்தினாலும் கேட்கும் கருவி வேண்டுமே! 1977-இல் சென்னையில் இருந்த நிலைமை தலைகீழாகத் திரும்புகிறது. கைப்பேசிகள் பலவற்றில் பண்பலை ஏற்பிச் சில்லு உள்ளே இருந்தும், தயாரிப்பாளர் அதை முடக்கி விற்கிறார். 2023 ஏப்ரலில் மத்திய மின்னணுவியல் அமைச்சகம், கைப்பேசிகளில் இந்த வசதியை முடக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. புயல் வெள்ளக் காலத்தில் இதன் பயனையும் எடுத்துச் சொன்னது. அறிவுறுத்தல்தான், கட்டாயமில்லை. நார்வே நாடு 2017-இல் தன் தேசிய நிலையங்களைப் பண்பலையிலிருந்து எண்ணிம முறைக்கு மாற்றிற்று; சிறிய உள்ளூர் நிலையங்கள் பலவற்றைப் பண்பலையிலேயே விட்டுவைத்தது. உள்ளூருக்குப் பண்பலையே போதும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இப்போது ஒரு வேலை தருகிறேன். ஒரு ஞாயிறு காலை, கையில் தாளும் கடிகாரமுமாக உட்காருங்கள். உங்கள் ஊரில் கேட்கும் நிலையம் ஒன்றை ஒரு மணி நேரம் கேளுங்கள். பாட்டு எத்தனை நிமிடம், விளம்பரம் எத்தனை நிமிடம், பேச்சு எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். நான்காவதாக ஒரு கட்டம் போட்டு, உங்கள் ஊரைப் பற்றி எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். ஊரின் பெயரைச் சொல்லி வணக்கம் வைப்பது கணக்கில் சேராது. அரசு நிலையம் ஒன்றையும், கேட்குமானால் சமுதாய வானொலி ஒன்றையும் இதேபோல் கேட்டு ஒப்பிடுங்கள். நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து செய்தால் நாள் முழுவதற்கும் கணக்குக் கிடைக்கும். அந்தக் கணக்கோடு, உங்கள் தெருவில் தண்ணீர் வரும் நேரத்தையும், பள்ளியில் நடக்கப்போகும் அறிவியல் கண்காட்சியின் நாளையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி நிலையத்துக்கு அனுப்புங்கள். படிக்கிறார்களா பார்ப்போம்.

கைப்பேசியில் கேட்பதானால் செவிப்பொறியின் கம்பியைச் செருக மறவாதீர்கள். அந்தக் கம்பிதான் ஏரியல். 3 மீட்டர் அலைக்குக் கால் பங்கு நீளம் 75 சென்டிமீட்டர். கம்பியைச் சுருட்டி வைக்காமல் நீட்டி வையுங்கள், கரகரப்பு குறையும்.